மாஸ்டர் சார்ட் முடிந்த பிறகு அனுப்பாதீர்கள்

முதுநிலை மருத்துவ ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும், மருத்துவக் கல்லூரிகளின் நெறிமுறைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் புள்ளியியலாளன். மருத்துவன் இல்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கச் சில வாரங்களே பாக்கி இருக்கும்போது உங்கள் மாணவர்கள் பென் டிரைவோடு தேடி வரும் ஆள் என்றால் உங்களுக்குப் புரியும். "மாஸ்டர் சார்ட் ரெடி சார். பி வேல்யூ மட்டும் போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா பைண்டிங்குக்குக் கொடுத்துடுவேன்" என்பார்கள். (மாஸ்டர் சார்ட் என்பது எல்லா நோயாளிகளின் விவரங்களையும் போட்ட அட்டவணை. பி வேல்யூ என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்; அது 0.05க்குக் கீழே வந்தால் 'சிக்னிஃபிகன்ட்' என்பது வழக்கம்.) கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொல்வார்கள்: "சிக்னிஃபிகன்ட்டா வந்தா நல்லாருக்கும்னு கைடு சொன்னாங்க சார்."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல். மாணவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. இரவு டியூட்டி முடித்து, சாப்பிடாமல் கொள்ளாமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளையிடம் யார் கோபித்துக்கொள்ள முடியும்? ஆய்வின் கேள்வியை முடிவு செய்தது, எத்தனை நோயாளிகள் என்று முடிவு செய்தது, அதற்குக் கையெழுத்துப் போட்டது எல்லாம் நீங்கள். அதனால் உங்களிடம்தான் பேச வேண்டும்.

1938இல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு, நவீனப் புள்ளியியலின் முன்னோடியான ரொனால்ட் ஃபிஷர் தலைமை தாங்கினார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பெரும்பாலும் அவரைப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதுதான், சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்று அந்த உரையில் சொன்னார். எல்லா விஷயத்திலும் ஃபிஷர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை; சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. நம் நாட்டு மேடையில் நின்று சொன்னது, 80 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, நாம் இன்னும் பிரேதத்தைத்தான் கொண்டுவந்து கிடத்துகிறோம்.

முதலில் மாதிரி அளவு, அதாவது ஆய்வில் எத்தனை பேர் என்பது. ஆய்வேடுகளில் அதற்கென்று ஒரு பக்கம் உண்டு. பெரும்பாலும் 4 பெருக்கல் பி, பெருக்கல் க்யூ, வகுத்தல் எல் ஸ்கொயர் என்ற சூத்திரம் அங்கே இருக்கும். (பி என்பது நோய் உள்ளவர்களின் சதவீதம், க்யூ மிச்சம் உள்ளவர்களின் சதவீதம், எல் நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை.) ஒரு நோய் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு அது சரியான சூத்திரம்தான். கோளாறு அதைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. முந்தைய ஒரு ஆய்வில் 40% என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். பி 40, க்யூ 60. நான்கால் பெருக்கினால் 9,600. பிழை 5 புள்ளிக்குள் இருக்க வேண்டும் என்றால் 25ஆல் வகுக்க வேண்டும்: 384 பேர். பிழையை 'பி-யில் 20 சதவீதம்' என்று எழுதினால் எல் 8 ஆகிவிடும்: 150 பேர். பிழை 10 புள்ளி வரை போகலாம் என்றால் 96 பேர்தான். அதே நோய், அதே சூத்திரம். 96லிருந்து 384 வரை எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். "நம்ம ஓ.பி.க்கு ஒரு வருஷத்துல 100 கேஸ்தான் வரும்" என்று எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த எண் வருகிற மாதிரி எல்-ஐ எழுதுகிறோம். 100 கேஸ்தான் வரும் என்பது உண்மையான கட்டுப்பாடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை அப்படியே எழுதி, 100 பேரை வைத்து எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்றும் எழுதினால் நேர்மையான பக்கமாகிவிடும்.

இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வுகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சூத்திரம்கூடக் கிடையாது. குழுவுக்கு 30 என்று ஒரு மரபு. 30க்கு மேல் போனால் 'பெரிய மாதிரி' என்று பாடப்புத்தகத்தில் எப்போதோ படித்த நினைவிலிருந்து வந்ததாக இருக்கலாம். கணக்கைப் பாருங்கள். பழைய மருந்தில் 30% பேருக்குக் குணம் தெரிகிறது, புது மருந்தில் 50% பேருக்கு. 20 புள்ளி வித்தியாசம் சாதாரண விஷயமில்லை. அது உண்மையிலேயே இருக்கிறது என்றாலும், பத்து தடவை ஆய்வு செய்தால் எட்டு தடவையாவது கண்ணில் பட வேண்டுமென்றால் குழுவுக்கு 90 பேருக்குக் குறையாமல் வேண்டும். 30 பேரை வைத்துத் தேடினால் சுமார் மூன்றில் ஒரு வாய்ப்புதான். மிச்ச மூன்றில் இரண்டு வாய்ப்பில், நல்ல மருந்தைப் பற்றி "வித்தியாசம் இல்லை" என்று உங்கள் மாணவர் எழுதுவார். அது அப்படியே நூலகத்தில் தூங்கும்.

சரி, அதிர்ஷ்டவசமாக சிக்னிஃபிகன்ட் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 30 பேர் குழுவில் பி வேல்யூ 0.05க்குக் கீழே இறங்க, வித்தியாசம் ஏறக்குறைய 25 புள்ளியாகவாவது தெரிய வேண்டும். உண்மை வித்தியாசமோ 20தான். அப்படியானால் சின்ன ஆய்வில் சிக்னிஃபிகன்ட் வருகிறது என்றாலே மருந்தின் பலன் ஊதிப்பெருத்துத் தெரிகிறது என்று அர்த்தம். வராத ஆய்வு நூலகத்துக்குப் போகிறது, வந்த ஆய்வு பத்திரிகைக்குப் போகிறது. பிறகு அந்தப் பத்திரிகையில் வந்த எண்ணை வைத்து அடுத்த பேட்ச் மாணவர் மாதிரி அளவு போடுகிறார். பலன் அவ்வளவு பெரிது என்று நம்பிப் போடுவதால் அவருக்கும் 30 போதும் என்றே வருகிறது.

கொரோனா காலத்தில் நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு 2020 ஜூனில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பற்றிய முடிவை அறிவித்தது. மருந்து கொடுத்த 2,104 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 22.9%, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரில் 25.7%. சில ரூபாய் மருந்து, உலகம் முழுக்க எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. இதையே நம் வழக்கப்படி 30, 30 பேர் வைத்துச் செய்திருந்தால்? ஒரு பக்கம் 6.9 சாவு, இன்னொரு பக்கம் 7.7 சாவு. ஒரு முழு ஆள்கூட வித்தியாசம் இல்லை. எந்த மென்பொருளில் போட்டாலும் அது தெரியாது. எந்தப் புள்ளியியலாளர் காலில் விழுந்தாலும் தெரியாது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களிடம் பலன் பெரிதாக இருந்தது, 41.4%லிருந்து 29.3%ஆகக் குறைந்தது என்பதும், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை என்பதும் அத்தனை பேர் இருந்ததால்தான் பிரித்துச் சொல்ல முடிந்தது. (அந்தக் கடைசிப் பகுதியை நம்மில் பலர் படிக்கவே இல்லை. லேசான காய்ச்சலுக்கெல்லாம் வீட்டிலேயே ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தோம். அது தனிக் கதை.)

இனி 'சிக்னிஃபிகன்ட் வர வேண்டும்' என்ற ஆசைக்கு வருகிறேன்.

இந்த ஆசை ஒரு மாணவரை என்னவெல்லாம் செய்யவைக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் அது நடப்பது என் மேசையில். முதலில் திட்டமிட்ட ஒப்பீட்டில் 0.21 வருகிறது. "வயசை 50க்கு மேல, கீழனு பிரிச்சுப் பாக்கலாமா சார்?" பார்க்கிறோம். "ஆண்கள் மட்டும்?" "ஷுகர் உள்ளவங்க மட்டும்?" "ஹீமோகுளோபின் 10க்கு பதிலா 9.5ல வெட்டினா?" எங்கேயோ ஓரிடத்தில் 0.04 வந்துவிடும், முகம் மலர்ந்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 ஒப்பீடுகள் செய்தால், எதிலுமே உண்மை வித்தியாசம் இல்லாவிட்டாலும், ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64% வாய்ப்பு இருக்கிறது. ஆய்வேட்டில் அந்த ஒன்று மட்டும் அட்டவணையாக, வண்ணப் படமாக வரும். மற்ற 19 என் கணினியின் குப்பைத் தொட்டியில் கிடக்கும். மாணவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. எழுதிய எண் எல்லாமே சரியான எண்தான்.

எங்கள் தொழில்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன். வெளியே காசு வாங்கிக்கொண்டு, கேட்ட பதில் வருகிற வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் காட்டும் '0.000' என்பதை அப்படியே அச்சிட்டுத் தருகிறவர்களும் அவர்கள்தான். அப்படி ஒரு பி வேல்யூ உலகத்தில் கிடையாது. மூன்று தசமத்துக்கு மேல் காட்டவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம், 0.001க்குக் கீழே என்று எழுத வேண்டும். ஒரு ஆய்வேட்டில் 0.000 இருந்தால், அந்தப் பக்கத்தை மாணவரும் படிக்கவில்லை, வழிகாட்டியும் படிக்கவில்லை என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மருத்துவ ஆய்வில் நம் ஊர் உலகத்துக்குக் கொடுத்த பெரிய பதில்கள் எவை? என் கணக்கில் மூன்று. மூன்றுமே நீங்கள் பயப்படுகிற அந்த 'நாட் சிக்னிஃபிகன்ட்' வகை.

முதலாவது, மெட்ராஸ் ஆய்வு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. பிரிட்டன் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. கேள்வி எளிமையானது: காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டு மருந்து கொடுப்பதும், அவர் வீட்டிலேயே, நெரிசலான தெருவில், இருக்கிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு அதே மருந்தைச் சாப்பிடுவதும் ஒன்றா? 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்கள் சொல்லும்படியாகப் பின்தங்கவில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகுதான் உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. தாம்பரம் பக்கம் ரயில் நிலையத்துக்கு மட்டும் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

அந்த ஆய்வில் நோயாளியைப் பிரித்த விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதற்குப் பத்தாண்டு முன்பு பிரிட்டனில் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்துக்கான ஆய்வை வடிவமைத்தார். சமவாய்ப்பு எண்களை வைத்து, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை ஒட்டிய உறைக்குள் வைத்தார். நோயாளியைச் சேர்ப்பது என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். 1948இல் வந்த முடிவு: மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 சாவு, படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 சாவு. மொத்தம் 107 பேர்தான்; இருந்தாலும் யாரும் மறுக்க முடியவில்லை. பலன் அவ்வளவு பெரிது என்பது ஒரு காரணம், அந்த உறை இன்னொரு காரணம். நம் ஆய்வேடுகளில் பல இடங்களில் 'ரேண்டமைசேஷன்' என்று எழுதியிருக்கும், எப்படி என்று கேட்டால், "ஐ.பி. நம்பர் ஒற்றைப்படைன்னா ஏ குரூப் சார்" என்பார் மாணவர். அடுத்து வருகிறவர் எந்தக் குழு என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், ரொம்ப முடியாமல் இருப்பவரை "இவர் வேண்டாம், அடுத்தவரைச் சேர்ப்போம்" என்று விடத் தோன்றும். தோன்றுகிறவர் கெட்டவர் இல்லை, நோயாளி மேல் அக்கறை உள்ளவர். அந்த அக்கறையிலிருந்து ஆய்வைக் காப்பாற்றத்தான் உறை.

இரண்டாவது, பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைப் பற்றிய செங்கல்பட்டு ஆய்வு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கியது. ஆய்வுப் பகுதியில் சுமார் 3,60,000 பேர். தடுப்பூசி யாருக்கு, வெறும் ஊசி யாருக்கு என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் இதே தடுப்பூசி நன்றாகவே வேலை செய்திருந்தது; இங்கும் அப்படித்தான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 15 ஆண்டு கண்காணித்த முடிவு 1999இல் வெளிவந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளைத் தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் ஆதாரம் உண்டு, அதனால்தான் பிறந்தவுடன் இன்றும் போடுகிறோம். ஆனால் பெரியவர்களுக்குப் புதுத் தடுப்பூசி வேண்டும் என்று உலகம் தேடத் தொடங்கியதில் நம் மாவட்டத்து மக்கள் நீட்டிய கைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த ஆய்வை நடத்தியவர்களிடம் யாராவது போய் "சிக்னிஃபிகன்ட் வரலையே, வேற மாதிரிப் பிரிச்சுப் பாருங்களேன்" என்று சொல்லியிருந்தால்?

மூன்றாவது நேற்று நடந்தது. 2020இல் கொரோனா நோயாளிகளுக்குக் குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்ற எல்லோரும் அலைந்தோம். நோயாளியின் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கெஞ்சினார்கள். அந்த நேரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து 'ப்ளாசிட்' ஆய்வை நடத்தி முடித்தது. பிளாஸ்மா பெற்ற 235 பேரில் 44 பேருக்கு நோய் முற்றியது அல்லது இறந்தார்கள். பெறாத 229 பேரில் 41 பேர். இரண்டும் 18, 19 சதவீதம். பலன் இல்லை. ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள் நோயாளிகளைச் சேர்த்து, அந்த அக்டோபரிலேயே வெளியிட்டுவிட்டார்கள். அப்படியிருந்தும் இரண்டாம் அலையில் பிளாஸ்மா தேடல் ஓயவில்லை; 2021 மே மாதம்தான் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அது நீக்கப்பட்டது. 'இல்லை' என்ற பதிலை நாமே கண்டுபிடித்துவிட்டு, நாமே ஏழு மாதம் கேட்காமல் இருந்தோம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். 30 பேர் ஆய்வில் வந்த 'நாட் சிக்னிஃபிகன்ட்'டும் செங்கல்பட்டில் வந்ததும் ஒன்றா? இல்லவே இல்லை. செங்கல்பட்டில் வந்தது 'இல்லை' என்ற பதில். 30 பேர் ஆய்வில் வந்தது 'தெரியவில்லை' என்ற பதில். பி வேல்யூவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கான்ஃபிடன்ஸ் இன்டர்வெலை, அதாவது உண்மை வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதைப் பார்த்தால்தான் பிரியும். ப்ளாசிட் ஆய்வில் இரண்டு குழுவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு பக்கம் 6 புள்ளி, இன்னொரு பக்கம் 8 புள்ளி, அதற்குள்தான் இருக்கும் என்று சொல்ல முடிந்தது. 30 பேர் ஆய்வில் அந்த இடைவெளி இரண்டு பக்கமும் 25 புள்ளி வரை நீளும். மருந்து அருமையானதாகவும் இருக்கலாம், ஆபத்தானதாகவும் இருக்கலாம். ஒரு 'இல்லை'க்கு மதிப்பு வருவதும் வராததும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் கடைசி வாரத்தில் என்னிடம் வருவதில் பயனில்லை என்கிறேன்.

நெறிமுறைக் குழுவினருக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில், தமிழில், "இந்த ஆய்வின் முடிவுகள் எதிர்காலத்தில் மற்ற நோயாளிகளுக்குப் பயன்படும்" என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பித்தான் கூலி வேலைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து, கூடுதலாக ஒரு தடவை ரத்தம் கொடுக்க அந்த அம்மா வருகிறார். ஆய்வின் அளவிலேயே எந்தப் பதிலும் வர வழியில்லை என்றால் அந்த வரி பொய். உங்கள் குழுவில் சட்டம் தெரிந்தவர் இருக்கிறார், சமூக அறிவியல் படித்தவர் இருக்கிறார், பொதுமக்களில் ஒருவர் இருக்கிறார். இவர்களெல்லாம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. புள்ளியியலாளர் கட்டாயமில்லை. படிவத்தில் எழுத்துப்பிழை பார்த்துத் திருப்பி அனுப்புகிற குழுக்கள் உண்டு. மாதிரி அளவு பக்கத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிற குழு அபூர்வம்.

மாஸ்டர் சார்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தடவை வந்த எக்செல் தாளில், ஆண் என்று போட்டிருந்த நோயாளிக்கு நேரே 'பிரசவம்: 2' என்று இருந்தது. அப்படிப் பல வரிசை. மாணவர் ஆண், பெண் வாரியாக அடுக்கப்போய், அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டார். பக்கத்து நெடுவரிசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இது கண்ணில் பட்டது பிரசவக் கேள்வி இருந்ததால். ரத்த அழுத்தமும் கொலஸ்டிராலும் மட்டும் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது; ஒரு பி வேல்யூவும் வந்திருக்கும், பைண்டிங்கும் ஆகியிருக்கும், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில், புற்றுநோய்க் கட்டியின் மரபணுத் தரவை வைத்து யாருக்கு எந்தக் கீமோ என்று சொல்ல முடியும் என்று ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. நோயாளிகளுக்கு அதன்படி சிகிச்சை கொடுக்கும் ஆய்வும் தொடங்கிவிட்டது. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரும் தரவை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்திருந்தது. மருந்துக்குக் கட்டுப்படுவது, கட்டுப்படாதது என்ற பெயர்கள் சில இடங்களில் தலைகீழாக மாறியிருந்தன. அவர்கள் விடாமல் எழுதிக் கேட்ட பிறகு, 2010இல் அந்த ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. பின்னால் கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன.

ஆய்வகத்தில் செல், எலி என்று வேலை செய்கிறவர்களுக்குத் தனி மடலே எழுதலாம். ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன்: மூன்று எலியிலிருந்து நூறு நூறு செல் எண்ணினால் மாதிரி அளவு 300 ஆகாது. அது மூன்றுதான்.

இனி நான் கேட்பது.

நெறிமுறைக் குழுவில் ஒரு இருக்கையைப் புள்ளியியல் தெரிந்தவருக்குக் கொடுங்கள். முடியாவிட்டால், ஆய்வுத் திட்டம் உங்களிடம் வருவதற்கு முன்பே அவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அவர் பார்க்க வேண்டியது ஒரு பக்கம்தான்: முக்கியக் கேள்வி எது, எதை அளந்து பதில் சொல்லப்போகிறோம், எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அது நோயாளிக்குப் பொருட்டு, அதற்கு எத்தனை பேர், எந்தக் கணக்கீட்டில். 'எவ்வளவு வித்தியாசம் பொருட்டு' என்பதற்குப் பதில் என்னிடம் இல்லை, அது உங்களிடம்தான் இருக்கிறது. வலி அளவுகோலில் ஒரு புள்ளி குறைந்தால் நோயாளிக்குத் தெரியுமா, இரண்டு புள்ளி குறைய வேண்டுமா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அதை உட்கார்ந்து பேசத்தான் முன்கூட்டியே வரச் சொல்கிறேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர்கள் "ஏன் சிக்னிஃபிகன்ட் வரவில்லை?" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். மாணவர் அதற்குப் பயந்துதான் என் மேசையில் தவம் கிடக்கிறார். அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், 2018 ஏப்ரல் 1இலிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். முதுநிலை ஆய்வேடா என்று கேட்கும் கட்டமே அந்தப் படிவத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பதிவில் முக்கிய அளவீடு என்று எழுதியது எது, ஆய்வேட்டில் முக்கிய முடிவு என்று வந்திருப்பது எது என்று கைப்பேசியிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஊர் முழுக்கப் பரவ ஒரு தேர்வு சீசன் போதும்.

மாணவர்களுக்கு ஆய்வுமுறை சொல்லிக்கொடுக்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் இணையவழிப் பயிற்சியை முதுநிலை மாணவர்கள் முடித்தாக வேண்டும், நல்ல பாடங்கள். ஆனால் அங்கே படித்ததை வைத்து "சார், 30 போதாது" என்று ஒரு முதலாண்டு மாணவர் தன் கைடிடம் சொல்ல முடியுமா? நம் துறைகளில் யார் யாரிடம் பேசலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பாடங்களை நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டால் அவர் வாய் திறக்கவே தேவையிருக்காது.

கடைசியாக ஒன்று, எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆசை. முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்தோடு டெக்ஸ்மெடிடோமிடின் சேர்ப்பதா, ஃபென்டனில் சேர்ப்பதா என்ற ஆய்வை எத்தனை கல்லூரிகளில், எத்தனை பேட்ச், 30, 30 பேர் வைத்துத் தனித்தனியாகச் செய்துகொண்டே இருக்கிறோம்! பத்துக் கல்லூரி சேர்ந்து ஒரே திட்டம், ஒரே ப்ரோஃபார்மா (விவரம் நிரப்பும் படிவம்), ஒரே சமவாய்ப்புப் பட்டியல் என்று வைத்தால் 600 பேர். ஒவ்வொரு மாணவரும் அதன் ஒரு கிளைக் கேள்வியைத் தன் ஆய்வேடாக எழுதிக்கொள்ளலாம்: ஒருவர் வலி, ஒருவர் ரத்த அழுத்தம் இறங்குவது, ஒருவர் வாந்தி. இளம் அறுவை மருத்துவர்களையும் மாணவர்களையும் சேர்த்து 'குளோபல்சர்ஜ்' குழு இப்படித்தான் 58 நாடுகளிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தைத் திரட்டியது. நமக்கு 58 நாடு வேண்டாம், ஒரே மாநிலத்துக்குள் பத்து ஊர் போதும். கூட்டு ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்ற கேள்வி எழும். துறைத் தலைவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வரும் பேட்ச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் ஆய்வுத் திட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். மயக்கவியல் துறையிலிருந்து முன்வருகிறவர்கள் இருந்தால், மாதிரி அளவுக் கணக்கையும், பகுப்பாய்வுத் திட்டத்தையும், எல்லாக் கல்லூரிக்குமான ஒட்டிய உறைகளையும் நான் தயார் செய்து தருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். எந்த வித்தியாசம் நோயாளிக்குப் பொருட்டு என்பதை மட்டும் நீங்கள் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்லூரி ஒன்றின் புள்ளியியலாளன்